சுத்தமாயிட்டா, ஆச்சி?

ஆவணி 9, திங்கள்

சென்னை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை அறை. குழாயில் வருவது உப்புத் தண்ணீர். லோசனி குளிக்கக் கேன் தண்ணீர் வாங்கிச் சுடவைத்தேன். கேனை முதலில் நானாகக் கழுவினேன். பிறகு அவள் பார்க்க மறுபடியும் கழுவினேன். என் பேத்திக்கு எப்படிக் கழுவினால் மனம் ஒப்பும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று போர்டு. தலைக்குள் கம்பி வைப்பதென்றால் டாக்டர் மட்டும் முடிவு செய்ய முடியாதாம். சர்க்கார் வைத்த குழு ஒன்று நோயாளியைத் தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டுமாம். லோசனியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வளர்த்த நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். என் மகன் கோலப்பன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மருமகள் தமயந்தி அழுதாள். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளை மேய்க்கிறவள், ஆஸ்பத்திரிக்கு வந்தால் கண்ணைக் கசக்குவாள்.

பெரிய டாக்டர் என்னிடமும் கேட்டார். "வீட்டுல இவங்க சந்தேகம் கேட்டுக்கிட்டே இருப்பாங்களா பாட்டி?"

"கேப்பா. கை கழுவிட்டு, 'சுத்தமாயிட்டா, ஆச்சி?'ன்னு கேப்பா. நான் செம்புத் தண்ணிய ஊத்தி 'ஆயிட்டு தாயி'ன்னு சொல்லணும். அவ ஒப்புத வரைக்கும் சொல்லணும். பெத்தவ சொன்னா அடங்க மாட்டா. உங்க மாத்திரைக்கெல்லாம் அடங்காதது என் ஒரு சொல்லுக்கு அடங்கும் டாக்டர்."

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். நல்லவிதமாகத்தான் எழுதியிருப்பார். நான் ஐந்தாம் வகுப்பு என்றாலும் பேச்சில் குறை சொல்ல முடியாது.

லோசனி வெளியே வந்ததும் கேட்டேன். "உள்ள என்ன கேட்டாவ?"

"இந்த ஆபரேஷன் ஏன் வேணும்னு கேட்டாங்க ஆச்சி."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா மடியில படுக்கணும்னு சொன்னேன்."

நான் கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

ஆவணி 13, வெள்ளி

போர்டின் சம்மதம் வந்துவிட்டது. கீழே ஓட்டலில் சாம்பாரில் பூண்டு. நான் தயிர் சாதம் மட்டும்.

ஆவணி 26, வியாழன்

காலையில் லோசனியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனவர்கள் மத்தியானம் தாண்டியும் வெளியே விடவில்லை. தலையில் இரும்பு வளையம் மாட்டி, மண்டையில் இரண்டு பக்கமும் துளைபோட்டு, கம்பியை உள்ளே இறக்குவார்களாம். நெஞ்சுத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து மின்சாரம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரைக்காரி, "எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டாள். "இப்படின்னா எப்படி?" என்று திருப்பிக் கேட்டேன். எட்டு வயதிலேயே வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் கால் கழுவாமல் படி ஏற மாட்டாள். பெரியவள் ஆன பிறகு அந்த மூன்று நாளும் தன் பாயைத் தானே சுருட்டித் தனியே வைப்பாள். தெருவில் எல்லோரும் என்னைக் கேட்பார்கள், இப்படி வளர்க்க உங்களால் மட்டும் எப்படி முடிகிறது என்று. கல்லூரிக்குப் போன இடத்தில்தான் ஏதோ ஆகிவிட்டது. ஆஸ்டல் குளியலறை அப்படி.

டாக்டர் வெளியே வந்து தமயந்தியிடம் சொன்னார். மருந்து கொடுத்துத் தூங்கவைக்காமல் முழித்திருக்கும்போதே மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தார்களாம். ஓர் அளவுக்கு வந்ததும் லோசனியின் வாய் ஒரு பக்கம் சிரித்ததாம். பிறகு முழுதாகச் சிரித்தாளாம். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டதற்கு, "தெரியல, லேசா இருக்கு" என்றாளாம்.

தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு தடவை சிரிக்கவைக்க நான் என்ன பாடுபட்டிருக்கிறேன். ஒருவன் திருகாணியைத் திருகுகிறான், சிரிப்பு வருகிறது.

ஐப்பசி 6, வியாழன்

மறுபடி சென்னை. இன்றுதான் பெட்டியை ஓடவிட்டார்கள். உடனே ஒன்றும் தெரியாது, மாதக்கணக்கில் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதுதானே பார்த்தேன். ரயிலில் வழக்கம்போல் என் கையால் பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிட்டாள். அவளுடைய வெண்கலத் தட்டை நான்தான் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தேன்.

கார்த்திகை 12, வெள்ளி

பாளையங்கோட்டை. வீடு வந்தது வந்ததுதான்.

பெட்டிக்கு வாரம் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். தட்டையாக ஒன்றை நெஞ்சில் வைத்து வாரால் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார வேண்டியதுதான். கோலப்பன் பாங்குக்கும் தமயந்தி பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவதால் பொறுப்பு எனக்கு. சென்னையில் அதைச் சொல்லிக்கொடுத்த பையன் திரும்பத் திரும்பச் சொன்னான்: "மறந்துராதீங்க பாட்டி. தீர்ந்துட்டா பழையபடி எல்லாம் வந்துரும்." நான் மறப்பவளா? வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி போட இந்த வயது வரை மறந்ததில்லை. இதையும் வெள்ளிக்கு வைத்துக்கொண்டேன்.

சார்ஜரும் ரிமோட்டும் ஒரே பையில். பையைப் பூசை அறையில் விளக்குக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதான். லோசனிக்கும் அதுதான் ஒப்பியது.

மார்கழி 9, புதன்

சென்னை டாக்டர் இங்கேயே ஒரு பெண்ணைச் சொல்லிவிட்டிருக்கிறார். பெயர் ரெஹானா. மேலப்பாளையம். புதன்தோறும் வீட்டுக்கு வருகிறாள். பெட்டி பாதி வேலைதான் பார்க்குமாம், மீதியை இவள் பழக்க வேண்டுமாம். என்ன பழக்குகிறாள் தெரியுமா? வெளி நடையைக் கையால் தொடச் சொல்கிறாள், தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்காரச் சொல்கிறாள். கூலி கொடுத்து ஆள் வைத்து என் வீட்டில் அசுத்தத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இன்று எங்கள் மூவரையும் உட்கார வைத்தாள்.

"லோசனி 'சுத்தமாயிட்டா'ன்னு கேட்டா இனிமே யாரும் பதில் சொல்லக் கூடாது. முக்கியமா நீங்க, ஆச்சி."

"சொல்லலேன்னா பிள்ளை துடிப்பாளே."

"துடிப்பாங்க. அப்புறம் தானா அடங்கும். நீங்க பதில் சொல்லச் சொல்ல நோய்க்குத்தான் தீனி. 'அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும்'னு மட்டும் சொல்லுங்க. கோபமில்லாம, பிரியமா."

பால் வார்த்த கை தீனி போட்ட கையாம். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்குக் காபிகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்தேன். பேப்பர் டம்ளரில்.

சாயங்காலம் கூடத்தில் தமயந்தி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். லோசனி போய்ப் பக்கத்தில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். அப்புறம் அப்படியே சரிந்து தாய் மடியில் தலையை வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துச் சேலை, பஸ்ஸில் வந்த சேலை, மாற்றக்கூட இல்லை. தமயந்தி தொடவும் பயந்து இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தொடும்மா" என்றாள் லோசனி.

எனக்கு இன்று முதுகு வலி. சீக்கிரம் படுத்தேன்.

தை 2, வெள்ளி

சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். லோசனிக்கு வெண்கலத் தட்டில் எடுத்துவைத்தேன். அவள் அடுக்களைக்குள் வந்து எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் எல்லோரோடும் உட்கார்ந்தாள். தானே பரிமாறிக்கொண்டாள். வெண்கலத் தட்டில் வைத்ததை மாட்டுக்கு வைத்தேன். மாட்டுப் பொங்கல்தானே.

சார்ஜ் போட்டேன். நெஞ்சில் வாரைக் கட்டும்போது மட்டும் அவளைத் தொடுகிறேன்.

தை 22, வியாழன்

பேத்தி டைப்பிங் வேலைக்குப் போய்வருகிறாள், ஒரு வக்கீல் ஆபீசுக்கு. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உளுந்த வடை தின்றாளாம். அதை வீட்டில் வந்து சொல்லுகிறாள், மெடல் வாங்கினது போல. போன புதன் ரெஹானாவின் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்து ஏதோ சாப்பிட்டாள். என்ன என்று நான் கேட்கவில்லை. தமயந்தி கைதட்டுகிறாள். கோலப்பன் போட்டோ எடுக்கிறான். நாலு தலைமுறையாக இந்த வீட்டில் வெளிச்சாப்பாடு நுழைந்ததில்லை. இப்போது அது குணமானதற்கு அடையாளம்.

மோட்டார் போட்டால் தொட்டி நாள் முழுக்கத் தாங்குகிறது. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

மாசி 5, செவ்வாய்

தென்காசிக் கொழுந்தனார் தவறிவிட்டார். எல்லோரும் போனோம். லோசனியை விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. அங்கே அழுகிற பெண்களைக் கட்டிக்கொண்டாள். கடைசியில் குனிந்து பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். முன்னால் இழவு வீட்டுப் பெயரைக் காதில் கேட்டாலே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவள்.

திரும்பிவந்ததும் நாங்கள் பின்வாசல் வழியாகப் போய்க் குளித்தோம். இவள் நேரே கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரிக்கிறாள்.

"ஏளா, குளிக்கணும்லா?"

"குளிப்பேன் ஆச்சி. கால் வலிக்கு. அஞ்சு நிமிஷம்."

"தீட்டோட பழம் திங்கியே?"

"பழத்துக்கு ஒண்ணும் தெரியாது ஆச்சி" என்று சிரிக்கிறாள். ஒரு பக்கம் முதலில், பிறகு முழுவதும்.

மாசி 6, புதன்

பங்காளித் தீட்டு. சுவாமி விளக்கைக் குளிரவைத்துப் பூசை அறையைப் பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்துகொண்டேன். பதினாறு கழியாமல் திறப்பதில்லை. என் மாமியார் காலத்திலிருந்தே இந்த வீட்டில் அப்படித்தான். துக்க வீடு என்று ரெஹானாவை இரண்டு வாரம் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

மாசி 8, வெள்ளி

லோசனி கேட்டாள். "ஆச்சி, இன்னைக்கு வெள்ளிலா. சார்ஜர் பூசை ரூம்ல மாட்டிக்கிட்டே."

"தீட்டுல திறக்கக் கூடாது தாயி. போன வாரம் நெறையத்தானே போட்டோம்?"

"எவ்வளவு இருக்குன்னு ரிமோட்டப் பாத்தாத் தெரியும். அதுவும் உள்ள." கொஞ்சம் யோசித்தாள். "சரி விடுங்க. ரெஹானாக்கா எதையும் ரெண்டாந்தரம் சரிபாக்காதன்னுருக்காங்க. சரிபாக்காம இருந்தாத்தான் எனக்கு மார்க்."

அவளேதான் சரி என்றாள். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மாசி 13, புதன்

லோசனி வேலைக்குப் போகவில்லை. தலை பாரமாக இருக்கிறதாம். மத்தியானம் முற்றத்துக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். சும்மாதான் நிற்கிறேன் என்றாள்.

மாசி 14, வியாழன்

காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். பத்து மணிக்குத் தொட்டி காலி.

மாசி 15, வெள்ளி

இன்று வெள்ளி. யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தீட்டு வீட்டில் அதிகம் பேசக் கூடாது.

மாசி 16, சனி

விடிந்ததும் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஆச்சி! ஆச்சி, வாங்க!"

ஓடினேன். என் வயதுக்கு நான் ஓடியது எனக்கே ஆச்சரியம். முழங்கை வரை சோப்பு, விரலிடுக்கெல்லாம் சிவந்துபோய், கண் எங்கோ நிற்கிறது. "தென்காசித் தாத்தா கால் ஆச்சி. இந்தக் கையாலதான் தொட்டேன். சோபால உக்காந்தேன். அம்மா மடியில படுத்தேன். எல்லாத்துலயும் ஒட்டிட்டு." கையை நீட்டினாள். "சுத்தமாயிட்டா, ஆச்சி?"

செம்பு வழக்கமான இடத்தில்தான் இருந்தது. தேய்த்துத்தான் வைத்திருந்தேன். ஊற்றினேன்.

"ஆயிட்டு தாயி."

"சுத்தமாயிட்டா, ஆச்சி?"

"ஆயிட்டு தாயி. ஆயிட்டு."

தமயந்தி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அத்தை! பதில் சொல்லாதீங்க! ரெஹானா எத்தன தரம் சொன்னா!"

"பிள்ளை துடிக்கா. நீ வேணும்னா நின்னு வேடிக்கை பாரு. என்னால முடியாது."

தமயந்தி ஓர் எட்டு முன்னால் வந்தாள். லோசனி அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். "அம்மா, தொடாத! ஒனக்கும் ஒட்டிரும்!" தமயந்தி அங்கேயே நின்றுவிட்டாள்.

வெண்கலத் தட்டைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டு விளக்கினேன். பருப்புச் சாதம் பிசைந்து என் கையால் கொடுத்தேன். சாப்பிட்டாள். மின்சாரத்தை நம்பினவர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று முதுகு வலி இல்லை.

மாசி 17, ஞாயிறு

நாள் முழுக்க வேலை. உட்கார நேரமில்லை. எழுதவும்.

மாசி 18, திங்கள்

ரெஹானாவை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தும் தமயந்தி போன் போட்டு வரவழைத்துவிட்டாள். வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "கடைசியா சார்ஜ் போட்டது என்னைக்கு?"

தமயந்தி என்னைப் பார்த்தாள். கோலப்பன் என்னைப் பார்த்தான்.

"தீட்டு வந்துட்டு. பை பூசை அறைக்குள்ள இருக்கு" என்றேன். "எனக்கு நினைப்பே இல்ல."

"அத்தை" என்றாள் தமயந்தி.

கோலப்பன் கையை நீட்டினான். "அம்மா, சாவி."

"நாளான்னைக்குப் பதினாறு. கழியட்டும்."

"அம்மா, உள்ள கேக்குதா? கை ரெண்டும் ரத்தம். அவ செத்துருவாம்மா."

"உங்கப்பா இருந்தா இப்பிடிக் கேப்பியாடா? தீட்டோட சாமி அறையத் திறந்து வீட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

குளியலறைக்குள்ளிருந்து லோசனி கத்தினாள். "திறக்காதீங்கப்பா! தீட்டு என் மேலதான் இருக்கு! சாமிக்கும் ஒட்டிரும்! திறக்காதீங்க!"

"பாத்தியளா?" என்றேன். "அவளே வேண்டாங்கா."

கோலப்பன் கையைக் கீழே போட்டுவிட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நான் குரலை உயர்த்தினால் போதும்.

ரெஹானா மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குளியலறை வாசலில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து கதவோடு பேசினாள். "லோசனி, மருந்து அந்த ரூம்ல இருக்கு. ரூமைத் திறக்கக் கூடாதுன்னு சொல்றது யாரு? நீயா, அதுவா?" தண்ணீர் விழும் சத்தம். "நான் பதில் சொல்ல மாட்டேன். உனக்கே தெரியும்." மறுபடி தண்ணீர். அவளும் எழுந்திருக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்துக் குழாய் நின்றது.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, பல் கிட்டி என் முன்னால் வந்து நின்றாள். "ஆச்சி, சாவி."

"தீட்டு தாயி."

"தெரியும்."

"நீ தொட்டா எனக்கும் ஒட்டிரும்னு சொல்லுவியே. இந்த வீட்டுலயே சுத்தமானது ஆச்சி மட்டுந்தான்னு சொல்லுவியே."

"தெரியும் ஆச்சி." அழுதுகொண்டே கையை நீட்டினாள். என் முந்தியைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் ரத்தம் பட்டது. அந்த விரலால் முடிச்சு அவிழவில்லை. நான் உதவவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அப்போது முகத்துக்கு நேரே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சனிக்கிழமை நான் கேட்டப்ப உங்க முகம் எப்பிடிப் பூத்துட்டு ஆச்சி."

போய்ப் பூட்டைத் திறந்தாள். விளக்கைத் தாண்டிப் பையை எடுத்தாள். நெஞ்சில் வாரைத் தானே கட்டிக்கொண்டாள்.

நோய்தான் அப்படிப் பேசவைக்கிறது என்று ரெஹானாவிடம் சொன்னேன். அவள் தரையிலிருந்து எழுந்து நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மாசி 20, புதன்

பதினாறு கழிந்தது. ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

சாயங்கால ரயிலில் லோசனியும் தமயந்தியும் சென்னைக்கு. டாக்டர் பார்க்க வேண்டுமாம். பார்த்த பிறகு அங்கேயே தமயந்தியின் தங்கை வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடப் போகிறாளாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வெண்கலத் தட்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். திரும்பிப் பார்க்கும்போது அது அடுக்களை மேடையில் இருந்தது.

பூசை அறையை நான்தான் கழுவினேன். ஐயர் தெளித்ததெல்லாம் கணக்கில் வராது. ரத்தக்கை பட்ட அலமாரி, ஈரக்கால் பட்ட தரை. மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். துடைத்தேன். பார்த்தால் விளக்கடியில் ஏதோ கறை மாதிரி தெரிந்தது. மறுபடி கழுவினேன்.

லோசனி புறப்பட்டு வாசலுக்கு வந்தாள். கை இரண்டிலும் கட்டு. தோளில் சார்ஜர் பை. ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. என்னிடம் சொல்லிக்கொள்ளத்தான் வந்து நின்றாள் போல. கையில் துணியோடு நின்றேன்.

"பூசை ரூம் சுத்தமாயிட்டா, பாரு தாயி" என்றேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் ஆச்சி. உங்களுக்கே தெரியும்."

ஆட்டோ போய்விட்டது. மோட்டாரைப் போட்டுவிட்டு வாளியை எடுத்தேன்.